சீசாவில் நாலு இங்கிலீஷ் வார்த்தை

சத்தமே போடாமல் கிடக்கிற குழந்தையைப் பார்த்து "நல்ல குழந்தை" என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. குழந்தை பிறந்த வீட்டுக்குப் போனால் அது அழுகிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். அழுதால் நிம்மதியாக உட்காருவேன். அழாவிட்டால் என் முகம் மாறிவிடும். வீட்டுக்காரர்கள் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டு, இவருக்குக் குழந்தைகளையே பிடிக்காது போலிருக்கிறது என்று பேசிக்கொள்வார்கள். நான் மறுத்துச் சொன்னதில்லை. எதையும் வாயைத் திறந்து சொல்லிப் பழகாதவன் நான். அதைப் பற்றித்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் வயதுக்காரர்களே, தண்டையார்பேட்டைக்கு வடக்கே, ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவில் வளர்ந்த உங்களுக்கு அந்தச் சந்துகளை நான் விவரிக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் காயவைத்த மீன் நாற்றம், இன்னொரு பக்கம் கால்வாய் நாற்றம். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ அந்த நாற்றத்தில் அன்றைக்குச் சோறு தின்போம். எங்கள் சந்தில் ஆண்கள் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார்கள். பெண்களில் பாதிப் பேர் திருவொற்றியூரில் தீப்பெட்டி ஆலைக்குப் போனார்கள். என் அம்மாவும் போனாள். அவள் கையில் எப்போதும் தீக்குச்சி மருந்து வாசனை அடிக்கும். புளி போட்டுத் தேய்த்தாலும் போகாது. அந்தக் கையால் பிசைந்த சோற்றிலும் அது இருக்கும்.

எனக்குப் பத்து வயது. தங்கச்சிக்கு ஏழு மாதம். அம்மா விடியற்காலையில் ஆலைச் சங்கு ஊதுவதற்கு முன்பே கிளம்பிவிடுவாள். கைக்குழந்தைகளை எங்கே விடுவது? அதற்கு எங்கள் சந்தில் ஓர் அக்கா இருந்தாள். அவளும் ஒரு காலத்தில் அதே ஆலையில் வேலை செய்தவள்தான். தீக்குச்சிக் கட்டு ஒன்று தீப்பிடித்து வலது கை விரல்கள் ஒட்டிக்கொண்டு போனபின் வேலை போய்விட்டது. அதற்குப் பிறகு குழந்தை பார்ப்பதே அவள் பிழைப்பு. ஒரே அறையில் ஐந்து குழந்தைகளை வரிசையாகக் கோணியில் போட்டு வைத்திருப்பாள். ஒரு கையும் ஐந்து குழந்தையும் என்றால் எப்படி முடியும்? முடிந்தது. எப்படி முடிந்தது என்று யாரும் கேட்கவில்லை.

கேட்காததற்குக் காரணம், எல்லாருக்கும் தெரியும் என்பதுதான். கடுகளவு அபினியைத் தாய்ப்பாலில் குழைத்துச் சுண்டுவிரல் நுனியால் குழந்தையின் நாக்கில் தடவுவார்கள். வேலைக்குப் போகிற பெண்கள் பலர் வீட்டில் அது நடந்தது. அவரவர் வீட்டில் மட்டும் நடக்கவில்லை என்று சத்தியம் செய்வார்கள். பக்கத்து வீட்டுக்காரி தடவுகிறாள் என்பார்கள். கைவெந்த அக்காவும், நான் எதையும் கொடுப்பதில்லை, தட்டித்தான் தூங்க வைக்கிறேன் என்பாள். என் அம்மாவும் அப்படித்தான் சொல்வாள். இந்த வெட்கம்தான் பின்னால் எல்லாக் கேட்டையும் கொண்டுவந்தது.

அந்த வருஷம் லைசென்ஸ் கடையில் அபினி கிடைப்பது குறைந்துபோனது. சர்க்கார் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தப்போகிறார்கள் என்று பேச்சு. சந்து முழுக்கக் குழந்தைகள் அழ ஆரம்பித்தன. இரவு வேலைக்குப் போய்விட்டுப் பகலில் தூங்குகிற ஆண்கள் சுவரில் எட்டி உதைத்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் துறைமுகத்தில் ஒரு பெட்டி உடைந்தது. தானாக உடைந்ததா, உடைக்கப்பட்டதா என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். கப்பலிலிருந்து இறக்கும்போது கயிறு நழுவியது என்று நைனா, என் அப்பா, சொன்னார். அன்று சாயங்காலம் எங்கள் சந்து ஆண்கள் எல்லாரும் கொஞ்சம் அகலமாக நடந்து வந்தார்கள். வேட்டி மடிப்பிலிருந்து சின்னச் சின்னச் சீசாக்கள் வந்தன. பழுப்புக் கண்ணாடி, கார்க் அடைப்பு, அதன்மேல் ஒரு தகர மூடி. உள்ளே வெல்லப்பாகு போல ஏதோ. திறந்தால் அழுகிய வாழைப்பழமும் கற்பூரமும் சேர்ந்த ஒரு நாற்றம். இன்றைக்கும் ஏதாவது மருந்துக் கடையில் அந்த நாற்றம் தட்டினால் நான் வெளியே வந்து நின்றுவிடுவேன்.

சீசாவில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க சந்தில் ஒரே ஆள்தான். டாலி மாமா. கப்பலிலிருந்து இறங்குகிற பெட்டிகளை எண்ணிக் குறித்துக்கொள்ளும் வேலை அவருக்கு, அதற்குத் துறைமுகத்தில் டாலி என்று பேர். காதில் பென்சில், சட்டைப் பையில் பேனா, காலில் செருப்பு. இங்கிலீஷ் தெரிந்தவர் என்று எங்கள் சந்தே அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. குழாயடியில் நின்று அவர் சீசாவை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். சுற்றிலும் பெண்கள். நான் அம்மாவின் பின்னால்.

பெரிய எழுத்தில் நாலு வார்த்தை. முதலாவது சூத்ஸ். அதைக் கேட்டதும் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒருத்தி, "இன்னா மாமா, கொயந்தைங்க முன்னாடி வாயில வர்றத பேசறியே" என்றாள். மாமா கோபித்துக்கொள்ளவில்லை. அவர் அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தார். தாய் குழந்தையின் தலையைத் தடவுகிறாளே, அதுதான் அந்த வார்த்தை என்றார். இரண்டாவது காம்ஸ். அலையில்லாமல் கிடக்கிற கடலை அப்படித்தான் கப்பல்காரன் எழுதுவான் என்றார். மூன்றாவது குவயட்ஸ். வாத்தியார் பெஞ்சைத் தட்டிச் சொல்வது. நாலாவதை நம்ப்ஸ் என்று எழுத்துக் கூட்டிவிட்டுச் சற்று நேரம் பார்த்தார்.

"அதுவும் அதே ஜாதிதான்" என்றார்.

அடியில் எறும்பு போனது போல் ஒரு வரி சின்ன எழுத்தில் இருந்தது. அது என்ன என்று கைவெந்த அக்கா கேட்டாள். "அது கம்பெனி அட்ரஸ். உனுக்கு இன்னாத்துக்கு? லெட்டர் போடப் போறியா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள்.

மறுநாளிலிருந்து சந்து அமைதியானது. எவ்வளவு அமைதி என்றால், மீன்காரி கூடையை இறக்குகிற சத்தம் கடைசி வீடு வரைக்கும் கேட்டது. பகலில் தூங்குகிற ஆண்கள் நன்றாகத் தூங்கினார்கள். நல்ல குழந்தைங்க, சோக்கான மருந்து என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். எனக்கும் அது நல்லதாகவே இருந்தது. அதை மறைக்கக் கூடாது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தங்கச்சியைத் தூளியில் போட்டு ஆட்டுவது என் வேலை. அவள் அழுதால் விளையாடப் போக முடியாது. இப்போது அவள் அழுவதில்லை. அவளை அக்கா வீட்டிலேயே விட்டுவிட்டு நான் ரயில் பாதையோரம் கோலி ஆடினேன்.

அம்மா விடியற்காலையில் விளக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சீசாவில் விரலை விட்டுத் தங்கச்சி வாயில் தடவுவதை நான் பாயிலிருந்து பார்த்தேன். நான் தூங்குவதாக அவள் நினைத்தாள். மத்தியானம் கஞ்சி குடிக்க வந்தபோது, கைவெந்த அக்கா தகர மூடியில் மருந்தை ஊற்றி ஐந்து குழந்தைகளுக்கும் வரிசையாகப் புகட்டுவதையும் பார்த்தேன். வரிசையில் கடைசியாகக் கிடந்தது தங்கச்சி. மூடியில் மிஞ்சினதெல்லாம் அவளுக்கு. அக்கா என்னைப் பார்த்ததும் மூடியைச் சேலையில் துடைத்தாள். "உங்கம்மாகிட்ட சொல்லாத. நான் ஒண்ணும் குடுக்கறதில்லன்னு சொல்லிகீறேன்" என்றாள். நான் தலையாட்டினேன்.

அம்மா கொடுப்பது அக்காவுக்குத் தெரியாது. அக்கா கொடுப்பது அம்மாவுக்குத் தெரியாது. இரண்டும் தெரிந்தவன் நான் ஒருத்தன். நான் இரண்டு பேரிடமும் சொல்லவில்லை. யாராவது என்னைப் பார்த்துப் பேசினாலே காது சூடாகி, பேச்சு வராமல் போகும் எனக்கு. அது ஒரு காரணம். கோலி இன்னொரு காரணம்.

ஒரு மாதம் போயிருக்கும். அன்று மத்தியானம் அக்கா வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். தங்கச்சி வாய் திறந்து கிடந்தாள். கடைவாயில் எச்சில் காய்ந்திருந்தது. உதட்டில் ஒரு ஈ. அது உதட்டில் நடந்து, மூக்குத் துவாரம் வரை போய், உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. அவள் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. நான் ஈயை ஓட்டினேன். அது மறுபடி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தது. அவள் உதடு நாவல்பழம் தின்ற வாய் மாதிரி இருந்தது.

"தூங்கினு கீதுடா. எயுப்பிடாத" என்றாள் அக்கா.

நான் எழுப்பவில்லை. வீட்டுக்குப் போய்க் கஞ்சி குடித்தேன். தொட்டுக்கொள்ளக் கருவாடு இருந்தது என்பதுகூட நினைவிருக்கிறது. மறுபடி பள்ளிக்கூடத்துக்குப் போய், வந்து, கோலி ஆடிக்கொண்டிருந்தபோதுதான் அம்மாவின் கூச்சல் கேட்டது. வேலை முடிந்து அக்கா வீட்டுக்கு வந்து குழந்தையைத் தூக்கியிருக்கிறாள். தலை பின்னால் தொங்கியிருக்கிறது. கிள்ளியிருக்கிறாள், காலில் அடித்திருக்கிறாள், ஒன்றுக்கும் அசையவில்லை.

நைனா துறைமுகத்தில் இருந்தார். ஆஸ்பத்திரியில் இங்கிலீஷில் கேட்பார்கள் என்று யாரோ டாலி மாமாவைக் கூப்பிட்டார்கள். அவர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வந்தார். ஒரு கைரிக்‌ஷாவில் அம்மாவும் குழந்தையும். மாமாவும் நானும் பக்கத்தில் ஓடினோம். ரிக்‌ஷாக்காரர் குறுக்கு வழியாக மூலக்கொத்தளம் பக்கம் திருப்பினார். சுடுகாட்டு மதிலைப் பார்த்ததும் அம்மா அவர் முதுகில் குத்தி, அந்த வழியாக வேண்டாம் என்று திருப்பச் சொன்னாள். சுற்றிக்கொண்டு போனதில் நேரம் போனது. அதற்காக அவளை நான் குறை சொல்ல மாட்டேன். நான் மத்தியானத்திலிருந்து போக்கிய நேரம் அதைவிட அதிகம்.

ஆஸ்பத்திரியில் ஒரு சட்டைக்கார, அதாவது ஆங்கிலோ-இந்திய, நர்ஸம்மா குழந்தையை வாங்கினாள். கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தாள். கருமணி ஊசி முனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. உடனே அம்மாவைப் பார்த்து, "இன்னா குடுத்தே?" என்றாள். அம்மா மடியிலிருந்து சீசாவை எடுத்துக் கொடுத்தாள். அதை எப்போது எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள் என்று எனக்குத் தெரியாது.

"எவ்ளோ குடுத்தே? நெசம் சொல்லு. டாக்டருக்கு அளவு தெரியணும்."

"ஒரு சொட்டு. காலையில ஒரு தபா."

"ஒரு சொட்டுக்கு இப்டி ஆவாது. வேற யார் குடுத்தா?"

"ஆரும் இல்ல" என்றாள் அம்மா. அவளுக்குத் தெரிந்த உண்மை அது.

நர்ஸம்மா என்னைப் பார்த்தாள். நான் அங்கேதான் நின்றேன். அந்தத் தகர மூடி என் கண்முன்னால் இருந்தது. அக்கா அதைச் சேலையில் துடைத்தது இருந்தது. காது சூடாயிற்று. நான் தரையைப் பார்த்தேன். சிவப்பு ஆக்சைடு தரை, ஒரு மூலையில் யாரோ வாந்தி எடுத்ததை மண் போட்டு மூடியிருந்தார்கள். அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு நர்ஸம்மா சீசாவைப் படித்தாள். படித்துவிட்டு, இதை யார் உங்களுக்குப் படித்துச் சொன்னது என்று கேட்டாள். டாலி மாமாவின் பையில் பேனா இருந்தது, காதில் பென்சில் இருந்தது. நர்ஸம்மா சீசாவை அவரிடம் நீட்டினாள். அடியில் உள்ள வரியைப் படியுங்கள் என்றாள்.

மாமா சீசாவை வாங்கினார். கிட்டே வைத்துப் பார்த்தார். தள்ளி வைத்துப் பார்த்தார். சுற்றி உட்கார்ந்திருந்த நோயாளிகள் எல்லாரும் அவரையே பார்த்தார்கள்.

"கண்ணாடி எட்த்துகினு வர்ல" என்றார்.

அவர் கண்ணாடி போட்டு நான் பார்த்ததே இல்லை. யாரும் பார்த்ததில்லை. பெட்டியின் மேல் எழுதியிருக்கும் அடையாளமும் எண்ணும் சில சாமான்களின் பேரும், கப்பல்காரர்களிடம் கேட்ட சில வார்த்தைகளும், அவ்வளவுதான் அவருடைய இங்கிலீஷ். அந்த வேலைக்கு அது போதும். எங்களுக்குத்தான் போதவில்லை. நர்ஸம்மா சீசாவைப் பிடுங்கிக்கொண்டாள். "குழந்தைக்குக் குடுக்காதேன்னு போட்டிருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

உள்ளே வயிற்றைக் கழுவினார்கள். ஊசி போட்டார்கள். உள்ளங்காலைச் சுண்டிக்கொண்டே இருந்தார்கள். நின்று நின்று வருகிற மூச்சை எண்ணிக்கொண்டு அம்மா வாசலில் குந்தியிருந்தாள். அடுத்த எண் வருவதற்குள் எழுந்து உள்ளே எட்டிப் பார்ப்பாள். நைனா வந்து சேர்ந்தார். வந்தவர் அம்மாவை அடிக்கக் கையை ஓங்கினார், பிறகு அந்தக் கையால் தன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். சீசாவைக் கொண்டுவந்தவர் அவர்தானே.

மறுநாள் மத்தியானம் தங்கச்சி அழுதாள். முதலில் பூனை மாதிரி. பிறகு, முழு வார்டும் திரும்பிப் பார்க்கும்படி. அம்மா பழக்க தோஷத்தில் அவள் வாயைப் பொத்தக் கையைக் கொண்டுபோனாள். நர்ஸம்மா அந்தக் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டே நின்றாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் அவள் அழுதாள். இரண்டு வாரம் விடாமல், உடம்பெல்லாம் நடுங்க. மருந்து விட்டதால் அப்படி என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். நைனா வீட்டில் மீதியிருந்த சீசாவைக் கால்வாயில் எறிந்தார். மற்ற வீட்டுச் சீசாக்கள் என்ன ஆயின என்று கேட்பீர்கள். தீரும் வரைக்கும் ஓடின. நடந்தது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் ஓடின. அளவைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். எங்கள் வீட்டுப் பக்கத்தில் பகலில் தூங்குகிறவன் ஒருவன் சுவரை உதைத்து, "ஒரு சொட்டு வுட்டுத் தொலையேன்" என்று கத்தினான். அந்த மனிதர்களை நினைத்தால் இப்போதும் துப்பத் தோன்றுகிறது. துப்பினால் என் மேலும்தான் விழும்.

ஒரு நாள் டாலி மாமா வாசலில் வந்து நின்றார். காதில் பென்சில் இல்லை. உள்ளே வரவில்லை. வேறு என்ன கேட்பது என்று தெரியாமலோ, அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் வார்த்தை அது என்பதாலோ, "கொயந்த இப்ப காமா கீதா?" என்று கேட்டார்.

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்துப் பேசி நான் அதுவரை கண்டதில்லை.

"அயுவுது மாமா. நல்லா அயுவுது" என்றாள்.

அவர் கொஞ்ச நேரம் அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டுப் போனார்.

அம்மா வேலையை விட முடியாது. குழந்தை மயங்கிக் கிடந்ததுகூடத் தெரியாத அக்காவிடம் இனி விட மாட்டாள். அதனால் ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் நின்றது. தங்கச்சியை நான் பார்த்துக்கொண்டேன். பிள்ளை படிப்பு போச்சே என்று நைனா வருத்தப்பட்டார். நான் வருத்தப்படவில்லை. எனக்கு அது சரியாகத்தான் பட்டது, ஏன் என்று மட்டும் நான் சொல்லவில்லை.

பின்னால் ஒரு கம்பெனி ஆபீசில் பியூன் வேலைக்குச் சேர்ந்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவுக்கு இங்கிலீஷ் அங்கே கற்றேன். அந்த வார்த்தைகளில் முதல் மூன்றும் அவற்றின் சொந்தபந்தங்களும் அங்கே அடிக்கடி வந்தன. மிஷினில் விரல் போனவன் கத்தியபோது, காம் டவுன் என்றார் அதிகாரி. விரல் இருந்தவர் அவர். வேலை நிறுத்தத்தின்போது கேட்டருகே தடியடி நடந்தது. அடுத்த நாள் மேலே போன கடிதத்தில், தொழிலாளிகள் பாசிஃபை பண்ணப்பட்டார்கள், அதாவது சாந்தப்படுத்தப்பட்டார்கள், என்று டைப் அடித்திருந்தது. அந்தத் தாளை மேசைக்கு மேசை கொண்டுபோனவன் நான். பிறகு கொஞ்சம் கவனிக்க ஆரம்பித்தேன். தாய் குழந்தையைக் காம் பண்ணுவாள், அதிகாரி கூட்டத்தைப் பண்ணுவார், டாக்டர் நோயாளியைப் பண்ணுவார். கூட்டம் அதிகாரியைக் காம் பண்ணியதாக ஒரு கடிதத்திலும் நான் பார்த்ததில்லை. வலி யாருக்கோ, அந்த வார்த்தை மட்டும் பக்கத்தில் நிற்கிறவனுடையது. அவன் தூங்க வேண்டும், அதற்குத்தான். நம் தமிழில் அடக்குவது என்று ஒரு சொல் இருக்கிறது. கேட்டால் உறுத்தும். அந்த வார்த்தைகள் உறுத்துவதில்லை, எண்ணெய் தடவினது மாதிரி வழுக்கிக்கொண்டு போகும்.

நாலாவது வார்த்தைக்கு அர்த்தம் போன வருஷம்தான் தெரிந்தது. பல் பிடுங்கப் போனேன். நம்ப் பண்ணிவிடுகிறேன் என்றாள் டாக்டர் பெண். அப்படி என்றால் என்னம்மா என்றேன். மரத்துப்போகும், இருக்கும் ஆனால் தெரியாது என்றாள். சீசாவில் உள்ளதில் உண்மையைச் சொன்ன வார்த்தை அதுதான். அதைத்தான் டாலி மாமா தாண்டிப் போனார். ஊசி வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். வழக்கம்போல் சொல்லவில்லை. கன்னம் பாதி நாள் வரைக்கும் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

அம்மா போய்விட்டாள். தன் ஒரு சொட்டுதான் குழந்தையைக் கொல்லப் பார்த்தது என்று கடைசி வரைக்கும் நம்பினாள். கைவெந்த அக்காவும் தன்னால்தான் என்று நம்பியே போயிருப்பாள். பிறகு அவளிடம் யாரும் குழந்தை விடவில்லை. இரண்டு பேருடைய பாரத்திலும் பாதியை நான் ஒரு வார்த்தையால் இறக்கியிருக்கலாம்.

தங்கச்சி இப்போது வியாசர்பாடியில் எம்.கே.பி. நகரில் இருக்கிறாள். தண்ணி லாரி வந்தால் அவள் குரல் மூன்று தெருவுக்குக் கேட்கும். அவள் மருமகளுக்கு அது மானக்கேடு. எனக்கு அப்படியில்லை. ஞாயிற்றுக்கிழமை போய் அவள் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவள் யாரையாவது திட்டுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். போன வாரம் குடத்தை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னாண்ணே, வாரா வாரம் வந்து ஏதோ சொல்ல வந்தவனாட்டம் குந்திகினு கீற. சொல்லித்தான் தொலையேன்."

ஒன்றுமில்லை என்றேன்.

ஆனால் வீட்டுக்கு வந்து இதை எழுதிவிட்டேன். அவள் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை நான்தான் படித்துக் காட்ட வேண்டும். எல்லா எழுத்தையும் ஒரே அளவில்தான் எழுதியிருக்கிறேன், அடியில் சின்ன எழுத்து எதுவும் இல்லை.